செம்பு தேயவில்லை

ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கப் பம்ப் செய்து அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் எங்கள் தொழிற்பேட்டையில், சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, எடைமேடையைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, யாரும் சரி பண்ணாத அந்தப் பெரிய பள்ளத்தையும் தாண்டி வந்தால் முதலில் தெரியும் நீலக் கேட்டுக்குச் சொந்தக்காரரான தெய்வசிகாமணி, ஒழுகாத பம்ப் என்று போர்டு வைத்து ஒழுகும் பம்பை விற்றே பெரிய மனிதராகி, பெரிய மனிதரானதால் சங்கத் தலைவராகி, தலைவரான பிறகு தலைவராகவே இருந்துவிட்டதால், வேறொருவரும் தலைவராக இருக்கலாம் என்ற நினைப்பே எங்களுக்கு அற்றுப்போயிருந்த காலத்தில், அவருக்கு அறுபது வயது நிறைந்தது.

அறுபது நிறைந்தால் கட்டின பெண்டாட்டிக்கே மறுபடியும் தாலி கட்ட வேண்டும். கட்டுவதைப் பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுக்க வேண்டும். தட்டின் விளிம்பில் இன்னார் என்று பேர் வெட்டியிருக்க வேண்டும். வாங்கிப்போனவர்கள் நாலு நாள் அதில் சாப்பிட்டுவிட்டு மாவுச் சட்டிக்கு மூடியாக்கிவிட வேண்டும். இதுதான் வழக்கம். ஆனால் சங்கச் செயலாளர் கனகசபாபதி இருக்கிறாரே, தலைவர் தும்மினால் தன் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர், அவருக்கு வழக்கம் போதவில்லை.

"பேரு வெட்டுன தட்டு எவன் வேண்ணாலும் குடுப்பானுங்க தலைவரே. நீங்க மூஞ்சியவே போடோணும். தட்டு நடுவுல, மூக்கும் மீசையுமா, எந்திரிச்சு நிக்கறாப்புல."

தெய்வசிகாமணிக்கு அந்த யோசனை தன்னுடையதாகவே தோன்றியது. அப்படியே கிளம்பி, எங்கள் பேட்டையில் அச்சுக்கட்டை செய்து கொடுக்கும் ராக்கியப்பனின் பட்டறைக்குப் போனார். நாங்களும் போனோம். தலைவர் எங்கே போனாலும் நாங்கள் போவோம்.

ராக்கியப்பன் நல்ல தொழில்காரர், ஆனால் வந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாதா இரும்பு போதுமுங்ண்ணா. நாலைஞ்சு நூறு தட்டு அடிக்கறதுக்கு அதுவே சாஸ்தி. மில்லிங்குல வெட்டிப்போடலாம்" என்றார்.

"சாதா இரும்பா? என்ற மூஞ்சிக்கா?"

ராக்கியப்பன் அவசரமாக உயர்ந்த ரக இரும்புக்கு மாறினார். வெட்டிரும்பையே வெட்டுகிற இரும்பு அது. உலையில் வைத்துச் சூடேற்றி ஆறவிட்டால், கெட்டியை அளக்கும் கணக்கில் அறுபது கெட்டி வரும், அரம் போட்டால் அரம் வழுக்கும் என்றார். தன் வயதும் அறுபது, இரும்பின் கெட்டியும் அறுபது என்றதும் தலைவர் சற்று மகிழ்ந்தார், பிறகு இரும்புக்குத் தன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று அறுபத்திரண்டு கேட்டார். ஆயிரம் வருடம் கழித்துத் தோண்டி எடுத்தாலும் முகம் மழுங்கியிருக்கக் கூடாது என்றார். ஆயிரம் வருடம் கழித்து யார் எதற்காகத் தோண்டுவார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அவ்வளவு கெட்டியான இரும்பை எந்த உளியும் தொடாது. அதற்கென்றே இருப்பதுதான் ஸ்பார்க் மெஷின். முகத்தைச் செம்பில் செதுக்கிக்கொள்ள வேண்டும். செம்பு முகத்தை மேலே குப்புற மாட்டி, இரும்புக் கட்டையைக் கீழே வைத்து, இரண்டையும் எண்ணெயில் மூழ்கடித்து, இதற்கொரு கம்பி அதற்கொரு கம்பி என்று கரண்டு கொடுத்தால், நடுவில் விட்ட மயிரிழை இடைவெளியில் பொறி தாவித் தாவி, செம்பு இரும்பைத் தொடாமலே, இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து முகத்துக்கு இடம் விடும். ஆனால் பொறி ஒரு பக்கம் மட்டும் கடிப்பதில்லை. செம்பும் தேயும். முந்திக்கொண்டு நீட்டியிருப்பது முதலில் தேயும். அதனால் தொழில் தெரிந்தவர்கள் ஒரே வடிவத்தில் இரண்டு மூன்று செம்பு செய்து வைத்துக்கொண்டு, ஒன்று மழுங்கியதும் அடுத்ததை மாட்டுவார்கள்.

"எனக்கு மூணு மூஞ்சியா?" என்று தலைவர் எழுந்துவிட்டார். "மிச்சத்தை எவனாவது எடுத்துட்டுப் போயிக் கக்கூஸ் கதவுல அடிச்சு வெச்சான்னா? ஒரே மூஞ்சிதான் ராக்கியப்பா. தேஞ்சா தேயட்டும், என்னுது தேயாது."

கனகசபாபதி கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

செம்பு செதுக்குவதற்குப் போட்டோ எடுக்கும்போது மட்டும் ஒரு சிறு தகராறு. தலைவரின் மனைவி ருக்குமணி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் உறுமுவதைப் பார்த்துப் பார்த்து, உறுமலுக்கு நடுவே எப்போதாவது ஒரு சிரிப்பு வருமா என்று அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக் காத்திருந்து பழகியவர், அன்றைக்கு ஹாலுக்கு வந்து நின்று, "ஏனுங்க, கொஞ்சம் சிரிச்சாப்புல எடுங்க. சிரிச்சா இடது கன்னத்துல ஒரு குழி வுழுகுமில்ல, அது நல்லாருக்கும்" என்றார்.

"தலைவன் பல்லக் காட்டுவானா? போயிக் காப்பி கொண்டா."

போட்டோவில் அவர் முறைத்தார். செம்பும் முறைத்தது. குழி செம்பில் இறங்கவில்லை. ருக்குமணிக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுத்ததில் அது தெரிந்தது.

மெஷினில் மாட்டுவதற்கு முன்னால், சும்மா மாட்டுவதா என்று கனகசபாபதி குருக்களைக் கூட்டிவந்தார். குருக்கள் சாமி சிலைக்குச் செய்வதுபோலவே செம்பு முகத்துக்குப் பாலும் பன்னீரும் ஊற்றி, சந்தனம் வைத்து, ஊசியால் கண் திறந்து, உயிர் வரட்டும் என்று மந்திரமும் சொல்லிவிட்டு, தட்டில் விழுந்ததை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டார். ராக்கியப்பன் சுவிட்சைத் தட்டினார். எண்ணெய்க்குள் நீலப் பொறிகள் பொரிய ஆரம்பித்தன.

மறுநாள் காலை கேட்டில் காரை விட்டு இறங்கிய தலைவருக்கு மூக்கு நுனி இல்லை.

ரத்தமில்லை, காயமில்லை, வலியுமில்லை. குளித்துக் குளித்துக் கரைந்த சோப்புபோல நுனி வழவழவென்று போயிருந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். நாங்கள் வணக்கம் சொன்னோம். அவருடைய பம்ப் ஒழுகுவதைப் பற்றி நாங்கள் என்றைக்காவது பேசியிருந்தால் அல்லவா மூக்கைப் பற்றிப் பேசப்போகிறோம்! அதற்கடுத்த நாள் மூக்கே போயிற்று, பிறகு புருவத்து மேடு போயிற்று, பிறகு முகவாய் போயிற்று, உதடு மெல்லிய கோடாயிற்று. அவர் அதே அதட்டலோடு பேசினார், எல்லாம் பார்த்தார், இரண்டு முறை சாம்பார் ஊற்றிக்கொண்டார். மூக்கில்லாமல் எப்படி மூச்சு விட்டார் என்று கேட்பவர்கள், அவருடைய பம்ப் எப்படி ஓடியது என்பதை முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.

பேட்டை அதைப் பழகிக்கொண்டது. எங்கள் வீட்டுப் பெண்கள், சர்க்கரை வியாதி முற்றினால் இப்படியும் ஆகும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், இது தூசு ஒவ்வாமை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதை எங்கே விடுவது என்று சொல்லவில்லை. சங்கக் கூட்டத்தில் கனகசபாபதி, நம் தலைவரின் முகம் நாளுக்கு நாள் எளிமையாகி வருகிறது என்று பாராட்டித் தீர்மானம் கொண்டுவந்தார், அது ஏகமனதாக நிறைவேறியது. இளைஞர்கள் சிலர் மூக்கில் மாவு தடவிச் சப்பையாகக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். முகத்தைப் பார்த்துத் திறக்கும் அவருடைய செல்போன் மட்டும் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. எங்கள் பேட்டையில் தலைவரை எதிர்த்த ஒரே ஜீவன் அதுதான்.

விஷயத்தைக் கண்டுகொண்டவர் ராக்கியப்பன்தான், அதுவும் வேறு வேலையாக. ஓடுகிற வேலையில் செம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவ்வப்போது அளந்து பார்ப்பது தொழில் முறை. அளந்தார். செம்பு கொஞ்சமும் தேயவில்லை. அந்தக் கெட்டி இரும்பில் மூக்கும் புருவமும் முழுதாக இறங்கியிருந்தன, செம்பு மூக்கு மட்டும் செதுக்கின அன்றைக்கு இருந்ததுபோலவே கூர்மையாக நின்றது. நல்ல செம்பு என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு பேக்கரியில் பப்ஸ் வாங்க வந்த தலைவரைப் பார்த்தார். தான் தின்றுகொண்டிருந்த பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு நேராகத் தலைவரின் வீட்டுக்குப் போய் ருக்குமணியிடம் சொன்னார்.

ருக்குமணி அழவில்லை. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த புருஷன் முன்னால் டிவியை மறைத்து நின்றார்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

ராக்கியப்பன் தயங்கித் தயங்கி விளக்கினார். "மூக்கும் புருவமும் போனது போனதுதானுங்ண்ணா, இரும்புல எறங்குனது திரும்ப வராது. ஆனா மீசை பாக்கி இருக்குது, கன்னம் இருக்குது, காது ரெண்டும் இருக்குது. இன்னைக்கே நிறுத்திப்போட்டா மீசை உங்களுக்கு. ஓட்டுனா மீசை தட்டுக்கு."

தலைவர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த மீசைக்கு எங்கள் பேட்டையில் தனி மரியாதை உண்டு. அது முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஒரு நிமிஷம் அவர் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்றே ராக்கியப்பன் நினைத்தாராம்.

"பாதி மூஞ்சியோட தட்டா குடுக்கறது? மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை போயாச்சு, மந்திரி வர்றாரு. இந்த மூஞ்சி என்னைக்கிருந்தாலும் சுருங்கிப்போற சாமான்தான். அது அறுபத்திரண்டு கெட்டி. ஓட்டு."

"ஏனுங்க, எனக்கு இந்த மூஞ்சி வேணும்" என்றார் ருக்குமணி. "இத்தனை வருசம் நாஞ் சண்டை போட்டது இதுகிட்டத்தான். நாளைக்கு எதைப் பாத்து நான் திட்டறது?"

"தட்டைப் பாத்துத் திட்டு."

ராக்கியப்பன் நிறுத்தியிருக்கலாம். ஃபியூஸ் போய்விட்டது என்றோ எண்ணெய் கெட்டுவிட்டது என்றோ ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டெலிவரி தேதியைப் பற்றி எங்களுக்கெல்லாம் தினம் பொய் சொல்கிற ஆளுக்கு, இந்த ஒரு நல்ல பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. தலைவர் ஓட்டச் சொன்னார், அவர் ஓட்டினார்.

மீசை போயிற்று. கன்னத்து எலும்பு போயிற்று. கடைசியாகக் காதுகளும் போய், கல்யாணத்துக்கு முதல்நாள் ராக்கியப்பன் மெஷினை நிறுத்தியபோது, இரும்புக் கட்டைக்குள் தெய்வசிகாமணி முழுசாக, மயிர் மயிராக, முறைத்தபடி குழிந்திருந்தார். வெளியே, வேட்டி சட்டைக்கு மேலே, உரித்த முட்டைபோல ஏதோ ஒன்று இருந்தது.

தட்டுகள் அருமையாக வந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சின்மேல் தகட்டை வைத்து, அதன்மேல் ரப்பர் வைத்து, பிரஸ்ஸில் ஒரே அழுத்து. மூக்கு விடைத்து, மீசை முறுக்கி, பார்த்தவர்களுக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும் அளவுக்குத் தலைவர் எழுந்து நின்றார். மண்டப வாசலில் அடுக்கி வைத்திருந்த அந்தத் தட்டுகளுக்கு நாங்கள் வரிசையில் நின்று வணக்கம் வைத்தோம். அப்போது பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டுக்கொண்டு ஒரு மொழுக்கென்ற ஆள் உள்ளே நுழையப் பார்த்தார். வாசலில் பன்னீர் தெளிக்க நின்றவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க யாரு வூட்டுச் சைடுங்க?"

"நாந்தான் மாப்பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். குரல் தலைவருடையது போலத்தான் இருந்தது. ஆனால் குரலை யார் பார்க்கிறார்கள்? ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதல் பந்தியிலேயே இடம் பிடித்துத் தருவதாகச் சமாதானம் சொன்னோம்.

மேடையில் குருக்கள், அதே குருக்கள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். மந்திரிக்கு வேறு கல்யாணம் இருந்தது, கடிகாரத்தைப் பார்த்தார். கனகசபாபதிக்கு எப்போதும் சமயத்தில் மூளை வேலை செய்யும்; வெள்ளி முலாம் பூசிய பெரிய தட்டு ஒன்றை எடுத்துவந்து, மாப்பிள்ளை மணையில் சாய்த்து நிறுத்தி, தலைப்பாகையும் வைத்தார். மண்டபமே மூச்சு விட்டது. ஆஹா, களை என்றால் இதல்லவா களை என்றோம். மந்திரி தட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோக்காரர், தலைவர் இப்போதுதான் ஆடாமல் அசையாமல் ஒத்துழைக்கிறார் என்று மகிழ்ந்தார்.

"தாலி எப்படி கட்டறது? தட்டுக்குக் கை இல்லையே" என்றார் குருக்கள்.

"அதுக்கென்னங்க, கட்டறதுக்குத்தானே கை? நானே தட்டுக்குப் பதிலா முடிச்சுப் போட்டர்றேன்" என்று கனகசபாபதி தாலியை எடுத்தார்.

தட்டுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த ருக்குமணி எழுந்தார். தாலியை அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஏண்டா கனகு, உன்ற வூட்ல ஒரு நல்லது நடந்தா நீ போயித் தட்டுக்குக் கழுத்தை நீட்டு. எனக்கு எதுக்குடா தட்டு? கழுவி வெக்கறதுக்கு எங்கிட்ட இல்லாத தட்டா?"

மந்திரி முன்னால், தலைவர் முன்னால், அதாவது தட்டு முன்னால், இப்படி ஒரு பேச்சா என்று நாங்கள் திகைத்து நின்றபோது, வாசல் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஓரமாக உட்காரவைத்த அந்த மொழுக்கை ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல், வயிறு குலுங்க, முறைக்க ஒரு மூஞ்சி இல்லாத காரணத்தால் தடையே இல்லாமல் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, ஒன்றுமே இல்லாத அந்த வழவழப்பில், இடது பக்கம், ஒரு குழி விழுந்தது.

செம்பில் இறங்காததைப் பொறி தின்னவில்லை.

ருக்குமணி மேடையை விட்டு இறங்கினார். நாற்காலி நாற்காலியாகத் தாண்டி வாசலுக்குப் போய், அந்தக் குழியில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். விரல் சரியாக உட்கார்ந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் என்னவோ திட்டுகிற குரல்தான்.

"இதுக்கு மூஞ்சியே போக வேண்டியிருந்துச்சா உங்களுக்கு? கட்டுங்க."

பன்னீர்ச் சொம்புக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் நடுவில் அவர் தாலி கட்டினார். நாங்கள் அதைப் பார்த்தோம் என்றும் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மேடையில் தட்டுக்கு ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் திரும்பி நிற்பதுதான் மரியாதை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. சங்கத் தேர்தலில் தட்டு போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைவர் நாற்காலியில் சாய்ந்து முறைக்கிறது. கூட்டத்தை நீட்டுவதில்லை, யாரையும் அதட்டுவதில்லை, கேட்டதற்கெல்லாம் மறுப்புச் சொல்வதில்லை. ரோட்டுப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, ஆகவே ஆட்சி மாறியது யாருக்கும் தெரியவில்லை. பம்ப் கம்பெனியை ருக்குமணி பார்த்துக்கொள்கிறார். போர்டில் 'கொஞ்சம் ஒழுகும்' என்று எழுதிவைத்தார், வியாபாரம் இரட்டிப்பானது. எங்கள் வீடுகளுக்கு வந்த தட்டுகள்தான் பெரும் இம்சை. மீசை இடுக்கில் சோறு ஒட்டிக்கொள்கிறது, மூக்குத் துளையில் ரசம் தேங்குகிறது, எந்த நாரைப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை, மூடியாகப் போட்டால் மேலே வேறொன்று வைக்க முடியாமல் மூக்கு இடிக்கிறது. தூக்கிப்போடவும் பயம். தலைவராயிற்றே.

கனகசபாபதிக்கு ஆசை விடவில்லை. தனக்கும் ஒரு முகம், அறுபத்திநாலு கெட்டியில், என்று ராக்கியப்பனிடம் போனார். ராக்கியப்பன் வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லாமல் செம்பு செதுக்கினார், குருக்கள் கண் திறந்தார், சுவிட்சைத் தட்டினார்கள். ஒரு பொறியும் வரவில்லை. செம்பு முகம் போய் இரும்பில் அப்பிக்கொண்டு நின்றது. தூக்கி மாட்டினாலும் மறுபடி இறங்கி அப்பிக்கொண்டது.

"பொறி தாவோணும்னா நடுவுல மயிரிழையாச்சும் இடைவெளி இருக்கோணுமுங்க" என்றார் ராக்கியப்பன். "உங்குளுது எதைப் பாத்தாலும் போயி ஒட்டிக்குது. நான் என்னுங்க பண்றது?"

இந்த வருடம் ஆயுதபூஜைக்கு, வழக்கம்போல எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பேக்கரி முன்னால் பந்தல் போட்டுச் சங்கக் கூட்டம் நடந்தது. தட்டுக்கு ஆளுயர மாலை போட்டிருந்தோம். கனகசபாபதி மைக்கைப் பிடித்து, இத்தனை வருடங்களில் நம் தலைவரின் முகத்தில் ஒரு சுருக்கம் உண்டா, ஒரு தேய்மானம் உண்டா என்று கேட்டார். நாங்கள் இல்லை, இல்லை என்றோம். கடைசி வரிசையில் பொரிகடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ருக்குமணியும், பக்கத்தில் அந்த மொழுக்கை ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பொரியை வாயில் போட்டவர், அதைக் கேட்டுப் புரையேறச் சிரிக்க ஆரம்பித்தார். ருக்குமணி சட்டென்று தன் முந்தானையை இழுத்து அவருடைய இடது கன்னத்தை மறைத்தார்.

"மெதுவாச் சிரிங்க. குழி தெரியுது" என்றார். "கண்டுபிடிச்சாங்கன்னா, மறுக்காவும் உங்களத் தலைவராக்கிப் போடுவாங்க."